இரண்டு ஃபியூஸும் ஒன்றாகப் போனது எப்படி?

கேள்வி: உடுமலைப்பேட்டை பக்கம் ஒரு சிற்றூரில் கேபிள் டிவியோடு ஃபைபர் இணைய இணைப்பும் கொடுத்து வருகிறேன். அறையில் ஒரு ரேக் இருக்கிறது. அதில் தலா 300 வாட் எடுக்கும் ஓஎல்டி (ஃபைபர் இணைப்புகளின் மையக் கருவி) இரண்டு, 120 வாட் சுவிட்ச் ஒன்று. மூன்றுக்கும் ஏ, பி என்று இரண்டு மின்வழி உண்டு. 48 வோல்ட் ரெக்டிஃபயர், 12 வோல்ட் 100 ஏஎச் பேட்டரி நான்கு. பழைய சாமான் கடையில் ரேக்கில் மாட்டும் ஃபியூஸ் பேனல் ஒன்று கிடைத்தது. எங்கள் ஊர் எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டினேன். பல மாதம் பிரச்சினை இல்லை. போன மாதம் நான்கு மணி நேரம் கரண்ட் இல்லாதபோது ஒரு ஓஎல்டி அணைந்துவிட்டது. பார்த்தால் அதன் ஏ ஃபியூஸ், பி ஃபியூஸ் இரண்டுமே போயிருந்தன. இரண்டும் 5 ஆம்பியர். ஒரே நேரத்தில் இரண்டும் எப்படிப் போகும்? "10 ஆம்பியர் போட்டுடலாம், சரியாயிடும்" என்கிறார் எலக்ட்ரீஷியன். போடலாமா? அதோடு, ரெக்டிஃபயரில் பிளஸ்ஸை எர்த் செய்திருக்கிறார்கள், அது தப்பு, மாற்ற வேண்டும் என்றும் சொல்கிறார். அடுத்த மாதம் ரேக்கை வேறு அறைக்கு மாற்றப் போகிறேன். பேனலை எந்த வரிசையில் மாட்ட வேண்டும்? 48 வோல்ட் ஷாக் அடிக்காது என்பதால் லைனை நிறுத்தாமலே வேலை செய்யலாமா? பேனலின் பின்னால் என்ஓ, சி, என்சி என்று மூன்று சின்னத் திருகுகள் சும்மா கிடக்கின்றன, அவை எதற்கு? இல்லை, இந்தப் பழைய பேனலையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதுதான் நல்லதா?

பதில்: போகிறபோக்கில் கேட்டீர்களே, அந்த மூன்று சின்னத் திருகுகள், அங்கிருந்தே தொடங்குகிறேன். உங்கள் ஓஎல்டி அணைந்ததற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

இரண்டு ஃபியூஸும் ஒரே நேரத்தில் போயிருக்காது. ஒன்று எப்போதோ போயிருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்காது என்பதே என் கணிப்பு. ஏ, பி என்று இரண்டு வழி வைப்பதன் நோக்கமே ஒன்று போனாலும் மற்றது தாங்க வேண்டும் என்பதுதான். ஏ ஃபியூஸ் போன அன்று பி தாங்கிக்கொண்டது. ஓஎல்டி ஒரு நொடிகூட அணையவில்லை, வாடிக்கையாளர் யாரும் போன் செய்யவில்லை, நீங்களும் பேனல் பக்கம் போகவில்லை. அன்றிலிருந்து உங்களுக்கு இருந்தது ஒரே வழிதான்.

இப்போது கணக்குக்கு வாருங்கள். 12 வோல்ட் பேட்டரி நான்கைத் தொடராகப் போட்டால் மொத்தம் 24 செல். மின்சாரம் இருக்கும்போது ரெக்டிஃபயர் செல்லுக்கு 2.25 வோல்ட் வைத்து 54 வோல்ட்டில் நிற்கும். கரண்ட் போனதும் பேட்டரி இறங்க ஆரம்பிக்கும். செல்லுக்கு 1.8 வரை இறங்கினால் மொத்தம் 43.2 வோல்ட். ஓஎல்டி போன்ற கருவிகள் வோல்ட்டேஜ் குறைந்தால் குறைவாகச் சாப்பிடுவதில்லை. உள்ளே இருக்கும் பவர் சப்ளைப் பலகை தனக்கு வேண்டிய 300 வாட்டை எப்படியும் இழுத்துக்கொள்ளும். வோல்ட் குறையக் குறைய ஆம்பியர் ஏறும். 54 வோல்ட்டில் 5.6 ஆம்பியர் எடுத்த அதே ஓஎல்டி 43.2 வோல்ட்டில் ஏறக்குறைய 7 ஆம்பியர் எடுக்கும்.

இரண்டு வழியும் இருந்தவரை இந்தச் சுமை இரண்டு ஃபியூஸுக்கும் பிரிந்து போனது. சரிபாதியாகப் பிரியும் என்று சொல்ல முடியாது. எந்தப் பக்கம் வோல்ட் ஒரு இம்மி அதிகமோ அந்தப் பக்கம் அதிகம் போகும். ஏ போன பிறகு 5 ஆம்பியர் பி ஃபியூஸ் தனியாக 5.6 ஆம்பியரைச் சுமந்தது. இவ்வளவு சின்ன மிகைக்கு ஃபியூஸ் உடனே உருகாது; சூடாகவே இருந்து காலத்தை ஓட்டும். மின்தடை நான்காவது மணி நேரத்தை எட்டி பேட்டரி தரை தட்டியபோது 7 ஆம்பியர் பாய்ந்தது. அது ஃபியூஸின் அளவைவிட 40 சதவீதம் அதிகம். அங்கேதான் பி போயிருக்கும்.

ஆக, 10 ஆம்பியர் என்று எலக்ட்ரீஷியன் சொன்ன விடை சரி. "சரியாயிடும்" என்று சொன்ன வழிதான் சரியில்லை. ஃபியூஸ் போனதும் அடுத்த பெரிய அளவைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் ஒருநாள் ஒயரைத்தான் ஃபியூஸாக்கும். அளவை இப்படி முடிவு செய்யுங்கள்: கருவி முழுவதையும் ஒரே வழி சுமக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், பேட்டரி இறங்கிய நிலை வோல்ட்டேஜையும் எடுத்துக்கொள்ளுங்கள், வரும் ஆம்பியரோடு கால் பங்கு சேர்த்து, கிடைக்கும் எண்ணுக்கு மேலுள்ள அடுத்த அளவைப் போடுங்கள். உங்கள் ஓஎல்டிக்கு 7 ஆம்பியரோடு கால் பங்கு சேர்ந்தால் 8.75, அடுத்தது 10. சுவிட்சுக்கு 120 வாட்டை 43.2-ஆல் வகுத்தால் 2.8, கால் பங்கு சேர்ந்தால் 3.5, அதற்கு 5 போதும். ஒரு நிபந்தனை. பேனலிலிருந்து ஓஎல்டிக்குப் போகும் ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. ஒயரைப் பார்க்காமல் ஃபியூஸைப் பெரிதாக்கக் கூடாது. பேனலின் அந்த இடம் 10 ஆம்பியரைத் தாங்குமா என்பதையும் அதன் மேலுள்ள லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது ஜிஎம்டி வகை ஃபியூஸ். டெலிகாம் ரேக்குகளில் எங்கும் இதைத்தான் பார்க்கலாம். 3 ஆம்பியருக்கு நீலம், 5 ஆம்பியருக்குப் பச்சை, 10 ஆம்பியருக்குச் சிவப்பும் வெள்ளையும் என்று நிறத்தாலேயே அளவு சொல்லும். ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே ஒரு சின்னச் சுருள்வில்லை உருகு கம்பி இழுத்துப் பிடித்திருக்கும். கம்பி உருகியதும் வில் விடுபடும். முன்பக்கம் நிறக் கொடி எகிறி நிற்கும். பின்பக்கம் ஒரு மெல்லிய தகடு நகர்ந்து பேனலுக்குள் இருக்கும் அலாரப் பட்டையைத் தொடும். அந்தத் தொடுகையால் பேனலின் சிவப்பு விளக்கு எரியும், உள்ளே இருக்கும் ரிலே மாறும். அந்த ரிலேயின் மூன்று முனைகள்தான் உங்கள் பின்பக்கத்துச் சின்னத் திருகுகள். சிவப்பு விளக்கு மாதக்கணக்கில் பூட்டிய அறையில் எரிந்துகொண்டிருந்திருக்கும். பார்க்க ஆளில்லை.

அந்த முனைகளை எங்கே இணைப்பது? பெரும்பாலான ரெக்டிஃபயர்களின் கன்ட்ரோலரில் வெளி அலாரத்துக்கென்று டிரை கான்டாக்ட் நுழைவுகள் உண்டு. சில ஓஎல்டிகளிலும் உண்டு. அங்கே கொடுத்துவிட்டால் உங்கள் கண்காணிப்புத் திரைக்கு வந்துவிடும். அதுவும் இல்லையென்றால் கடையில் உட்காரும் பையனின் மேசைவரை ஒரு ஜோடி ஒயர் இழுத்து சுற்று அறுந்தால் ஒலிக்கும் பஸ்ஸர் வையுங்கள், போதும். மூன்றில் எந்த இரண்டு என்பதைப் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எல்லாம் நன்றாக இருக்கும் நிலையையே என்ஓ, என்சி பெயர்களில் உள்ள சாதாரண நிலை (நார்மல்) என்று சில பேனல்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள், மின்சாரமே இல்லாத நிலையை வேறு சிலர். பேனல் நன்றாக ஓடும்போது மல்டிமீட்டரில் தொடர்ச்சி காட்டி, போன ஃபியூஸைச் செருகியதும் தொடர்ச்சி அறும் ஜோடி எதுவோ அதை எடுங்கள். வழியில் எலி ஒயரைக் கடித்தாலும் அப்போது அலாரம் வரும். சோதனைக்கு உண்மையிலேயே உருகிய ஃபியூஸ்தான் வேண்டும். நல்ல ஃபியூஸை வெளியே உருவினால் அலாரப் பட்டையைத் தொட எதுவும் இல்லை, பேனல் மூச்சுக் காட்டாது. போன இரண்டு 5 ஆம்பியர் ஃபியூஸையும் எறிந்திருக்காவிட்டால் இதற்கென்று பத்திரப்படுத்துங்கள்.

பிளஸ் எர்த் விவகாரம். தயவுசெய்து மாற்றிவிடாதீர்கள். டெலிகாமில் பிளஸ்தான் எர்த், மைனஸ்தான் லைன். அதனால்தான் மைனஸ் 48 வோல்ட் என்கிறோம். தொலைபேசிக் கம்பிகள் மண்ணுக்குள் ஓடிய காலத்திலிருந்து வரும் வழக்கம் இது. ஈரமண்ணைவிட செம்பு பிளஸ்ஸில் இருந்தால் கசிவு மின்னோட்டத்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும்; மைனஸில் இருந்தால் தப்பிக்கும். ஃபைபர் வந்த பிறகும் கருவிகள் எல்லாம் அதே முறையில் வருகின்றன. வீட்டு வயரிங் பழகிய கைக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆபத்து எங்கே என்றால், ரெக்டிஃபயரில் பிளஸ் எர்த் ஆகியிருக்கும்போது இன்னொருவர் வந்து ரேக்கில் மைனஸை எர்த் செய்தால், நான்கு பேட்டரியும் எர்த் ஒயர் வழியாக நேரே ஷார்ட் ஆகும். பிளஸ்ஸும் எர்த்தும் சேரும் இடம் ரெக்டிஃபயர் பக்கம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். பேனலில் ரிட்டர்ன் எனப்படும் பிளஸ் முனையையும் பெட்டியின் எர்த்தையும் தனித்தனியாகவே விடுங்கள்.

நிறத்தையும் நம்ப வேண்டாம். பல கருவிகளோடு வரும் கேபிளில் நீலம் மைனஸ் 48, கறுப்பு ரிட்டர்ன். வேறு இடங்களில் ரிட்டர்னுக்குச் சிவப்பு. உள்ளூர்க் கடையில் கிடைத்ததை வாங்கி இழுத்தவர்கள் போட்டது எந்த நிறமோ, யாருக்குத் தெரியும். மீட்டரைக் கறுப்பு முனை ரிட்டர்னிலும் சிவப்பு முனை லைனிலும் வையுங்கள். மைனஸ் 54 என்று அந்தக் கழித்தல் குறியோடு காட்ட வேண்டும்.

ஷாக் அடிக்காது என்பது உண்மைதான், உலர்ந்த கைக்கு. ஆனால் 48 வோல்ட்டில் பயப்பட வேண்டியது ஷாக்குக்கு அல்ல. உங்கள் 100 ஏஎச் பேட்டரி வரிசையை ஒரு ஸ்பேனர் குறுக்கே ஷார்ட் செய்தால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும். ஸ்பேனர் பட்டையில் ஒட்டிக்கொண்டு பழுக்கும், உருகிய உலோகம் முகத்தில் தெறிக்கும். மோதிரமோ கைக்கடிகாரமோ குறுக்கே பட்டால் விரலே வெந்துபோகும். பவர் ரூம் வேலைக்கு வரும் பையன்களிடம் நான் முதலில் பார்ப்பது கையையும் கழுத்தையும்தான்: மோதிரம், காப்பு, கயிற்றில் கோத்த செம்புத் தாயத்து, குனிந்தால் தொங்கும் கழுத்துச் செயின், எல்லாம் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே. சாமி டாலரைக் கழற்ற மாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் அதைச் சட்டைக்குள் விட்டு மேலே டேப் ஒட்டிக்கொள்ளட்டும் என்று ஒரு காலத்தில் விட்டிருக்கிறார்கள். நான் விடமாட்டேன். பிடி மட்டும் அல்லாமல் தண்டும் உறையிட்ட இன்சுலேட்டட் ஸ்பேனர் வாங்குங்கள். ஆக, உங்கள் கேள்விக்கு நேரான பதில்: லைனில் வேலை செய்யக் கூடாது. நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது, படத்தில் கண்ணில் பட்டது. ரெக்டிஃபயரிலிருந்து பேனலுக்கு வரும் இடத்தில் வீட்டுக்குப் போடும் ஏசி எம்சிபி இருக்கிறது. அந்த ஒன்றிலிருந்தே ஏ-க்கு எடுத்து, ஏ-யிலிருந்து பி-க்கு லூப் போட்டிருக்கிறார்கள். இரண்டும் தவறு. ஏசி மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போகும். சுவிட்ச் திறக்கும்போது எழும் தீப்பொறி அந்த இடைவெளியில் அணையும். டிசிக்கு அந்தப் பூஜ்யம் கிடையாது. பொறி நீண்டு எரிந்துகொண்டே இருக்கும். டிசி என்று குறித்த, 60 வோல்ட்டுக்குக் குறையாத பிரேக்கர் வாங்குங்கள். அவற்றில் சிலவற்றுக்குப் பிளஸ், மைனஸ் திசை உண்டு. மாற்றி மாட்டினால் பொறியை அணைக்கும் அமைப்பு வேலை செய்யாது. மேலே அச்சிட்டிருக்கும் குறியைப் பார்த்து மாட்டுங்கள். ஏ-க்கு ஒன்று, பி-க்கு ஒன்று என்று இரண்டு வேண்டும். ஒரே ரெக்டிஃபயர்தான் என்றாலும் இது வீண் இல்லை. கேபிள் முனையில் மாட்டும் லக் ஒன்று தளர்ந்தாலோ ஒரு பிரேக்கர் விழுந்தாலோ மற்ற வழி இருக்கும். லூப் போட்ட பி வெறும் பெயருக்குத்தான்.

அந்தப் பிரேக்கர் எவ்வளவு? உங்கள் மொத்தம் 720 வாட். 43.2 வோல்ட்டில் 16.7 ஆம்பியர், கால் பங்கு சேர்ந்தால் 21. நாளைக்கு இன்னொரு ஓஎல்டி வரும் என்று வைத்து 32 ஆம்பியர் போடலாம். ஒரு வழியே முழுவதையும் சுமக்க வேண்டும் என்பதால் பாதியாகக் கணக்கிடாதீர்கள். கேபிள் 10 சதுர மில்லிமீட்டர் செம்பு. ரெக்டிஃபயருக்கும் ரேக்குக்கும் 6 மீட்டர் என்றால் போக வர 12 மீட்டர், 16.7 ஆம்பியரில் 0.35 வோல்ட் இழப்பு. பேட்டரி இறங்கிய நேரத்தில் ஒவ்வொரு கால் வோல்ட்டும் சில நிமிட இணைய இணைப்பு. 4 சதுர மில்லிமீட்டரில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

மாட்டும் வரிசைக்கு வருவோம். எல்லா ஃபியூஸையும் உருவி ஒரு டப்பாவில் போடுங்கள். இரண்டு பிரேக்கரும் கீழே, அணைந்த நிலையில் இருக்கட்டும். பேனலை ரேக்கின் உச்சியில், பின்பக்கம் கை நுழையும்படி மாட்டுங்கள். முதல் ஒயர் பெட்டியின் எர்த். ரேக் சட்டத்தில் அந்த இடத்துப் பெயின்ட்டை உலோகம் தெரியும்வரை சுரண்டி, பல் வைத்த ஸ்டார் வாஷர் போட்டு முறுக்குங்கள். பெயின்ட் மேல் மாட்டிய எர்த் கண்ணுக்குத்தான் எர்த். அடுத்து ஏ ரிட்டர்ன், பி ரிட்டர்ன். கடைசியாக ஏ மைனஸ், பி மைனஸ். பேனல் முனையை முடித்துவிட்டுத்தான் பிரேக்கர் முனையைத் தொட வேண்டும். கழற்றும்போது இதே வரிசை தலைகீழ்: மைனஸ் முதலில், எர்த் கடைசியில்.

லக் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகவே சொல்ல வேண்டும். டெலிகாம் பேனலில் எரிந்துபோன இடங்களை நான் பார்த்தவரை, ஃபியூஸ் இருக்கும் முன்பக்கத்தில் எரிந்ததைவிட லக் இருக்கும் பின்பக்கத்தில் எரிந்ததே அதிகம். இரட்டைத் துளை லக் வாங்குங்கள். ஒரே துளை லக் கேபிளின் எடைக்குச் சுழன்று சுழன்று தளரும். கேபிள் அளவுக்கேற்ற அச்சு வைத்த கிரிம்பிங் கருவியால் அமுக்க வேண்டும். கொறடாவால் நசுக்குவதும் சுத்தியலால் தட்டுவதும் கிரிம்பிங் ஆகாது. அமுக்கிய பிறகு பலம் கொண்டு இழுத்துப் பாருங்கள், கழன்று வருவதானால் இப்போதே வரட்டும். திருகுகளை டார்க் ஸ்பேனரில் பேனல்காரர் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். 5 மில்லிஓம் மட்டுமே உள்ள ஒரு தளர்ந்த மூட்டில் 40 ஆம்பியர் போனால் அந்த ஒரு புள்ளியில் 8 வாட் சூடு. உங்கள் இன்றைய சுமைக்கு அவ்வளவு வராது. ஆனால் தளர்ந்த மூட்டு தானாக இறுகுவதில்லை, மோசமாகத்தான் ஆகும். மாட்டி ஒரு வாரம் கழித்து, சுமை ஓடும்போது, மில்லிவோல்ட் நிலையில் மீட்டரை வைத்து லக்கின் உடம்புக்கும் அது உட்கார்ந்த பட்டைக்கும் நடுவே அளந்து பாருங்கள். ஏ-யும் பி-யும் ஏறக்குறைய ஒரே ஆம்பியர் சுமக்கும்போது, ஒரு மூட்டு மட்டும் மற்றவற்றைப்போலப் பல மடங்கு காட்டினால் அதை அவிழ்த்துத் திரும்பப் போட வேண்டும். வெப்பம் காட்டும் துப்பாக்கியைப் பளபளப்பான செம்பில் காட்டினால் குறைத்துத்தான் சொல்லும். அதை நம்பி நிம்மதி அடையாதீர்கள்.

இப்போது சோதனை. ஃபியூஸ் எதுவும் இல்லாமல் ஏ பிரேக்கரை மட்டும் போடுங்கள். ஏ நுழைவில் மைனஸ் 54 வர வேண்டும். பி நுழைவில் பூஜ்யம் வர வேண்டும். பி-யிலும் வோல்ட் காட்டினால் இரண்டு வழியும் எங்கோ கலந்திருக்கின்றன. மேலே போகாமல் கண்டுபிடியுங்கள். பிறகு ஏ-யை நிறுத்தி பி-யை மட்டும் போட்டு அதே சோதனை. அதன் பிறகு இரண்டையும் நிறுத்திவிட்டு வெளிப்போகும் ஒயர்களை மாட்டுங்கள், அங்கேயும் ரிட்டர்ன் முதலில். கருவியின் சுவிட்ச் அணைந்திருக்க ஃபியூஸைச் செருகி, பிறகு சுவிட்சைப் போடுங்கள். சுவிட்ச் இல்லாத கருவி என்றால் பிரேக்கர் கீழே இருக்கும்போது ஃபியூஸைச் செருகிவிட்டுப் பிரேக்கரைப் போடுங்கள். கருவிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் முதல் கணத்தில் பெரிதாக இழுக்கும். நேரடியாக ஃபியூஸைச் செருகினால் பொறி பறக்கும், சின்ன ஃபியூஸ் அங்கேயே போகும். மாதக்கணக்கில் செத்துக் கிடந்த உங்கள் ஏ ஃபியூஸ் அப்படிப் போனதாகக்கூட இருக்கலாம்.

எல்லாம் ஓடியதும் ஒவ்வொரு கருவிக்கும் ஏ ஃபியூஸை உருவி பி-யில் ஓடுகிறதா என்று பாருங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள். காலியாக உள்ள இடங்களில் டம்மி ஃபியூஸ் செருகிவிடுங்கள். திறந்திருக்கும் முனைகள் லைனில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு ஃபியூஸின் மேலும் அதற்கென்று வரும் கண்ணாடி நிற மூடியைப் போடுங்கள். அது அலங்காரம் இல்லை, உருகும்போது தெறிப்பதைத் தடுக்க வந்தது. பின்பக்க மூடியையும் மறக்காமல் திருகுங்கள், பல்லி ஏறும்.

பேட்டரியின் வாயிலேயே, ஒரு முழக் கேபிளுக்குள், அதற்கென்று தனி ஃபியூஸோ டிசி பிரேக்கரோ இருக்கிறதா என்று படத்தில் தெரியவில்லை. இல்லாவிட்டால் ரேக்கை நகர்த்தும் முன் அதைப் போடுங்கள். பேனலில் எத்தனை ஃபியூஸ் இருந்தாலும் பேட்டரிக்கும் ரெக்டிஃபயருக்கும் நடுவே உள்ள கேபிளை அவை காப்பாற்றாது.

பழைய பேனலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஃபியூஸ் உட்காரும் முனைகள் கறுக்காமலும் தளராமலும் இருந்து, அலாரச் சோதனையில் சிவப்பு விளக்கும் ரிலேயும் வேலை செய்தால் அது நல்ல பேனல். புதிதுக்கு வைத்திருக்கும் பணத்தில் இரண்டு டிசி பிரேக்கர், இரட்டைத் துளை லக், ஒரு ஒழுங்கான கிரிம்பிங் கருவி, கையிருப்புக்கு இரண்டு அளவிலும் ஐந்தைந்து ஃபியூஸ் வாங்குங்கள்.